பெரிய மருமகளின் மூச்சு

சீப்பைத் தலையில் வைத்த பிறகுதான், மனைவிக்கு வகிடு எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. சலூன் வைத்திருப்பவர். வட்டாரத்தில் பாதி ஆண்களுக்கு வகிடு எங்கே, சுழி எங்கே, யாருக்குக் காதோரம் சீக்கிரம் நரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனைவி மட்டும் தன் தலையில் அவரைக் கைவைக்க விட்டதில்லை. உங்க கை பட்டா எனக்கும் போலீஸ் கட்டிங்தான் என்று சிரிப்பாள். இப்போது மறுப்பு ஏதும் சொல்லாமல் படுத்திருந்தாள்.

"இடது பக்கம் மாமா. கொஞ்சம் ஏத்தி" என்றாள் மைத்துனி. மனைவியின் ஒரே தங்கை. விடிந்தும் விடியாமலும் பஸ்ஸில் வந்து இறங்கியவள், இன்னும் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

அவர் இடது பக்கம் வகிடு எடுத்தார். தொழில் செய்யும் கை. நடுக்கமில்லாமல் நேராக எடுத்தது. அதைப் பார்க்க அவருக்கே எரிச்சலாக இருந்தது.

"முன்னாடியே எதுவும் தெரியலையா மாமா? மூச்சு கீச்சு வாங்கலையா?"

அவர் முடியை வாரிக்கொண்டே இருந்தார். வார வேண்டியதெல்லாம் வாரி முடிந்த பிறகும் வாரினார்.

"தெரியல" என்றார்.

மனைவியின் வேலை டப்பிங். மதிய நேர சீரியலில் பெரிய மருமகளாக வருகிறாளே ஒரு நடிகை, அவள் திரையில் பேசுவதெல்லாம் இவள் பேசியது. அழுவது, அதட்டுவது, மாமியாரைப் பார்த்து ஒரு "ம்" போடுவது எல்லாமே இவள்தான். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சேரும்போதே கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். விடவில்லை. உறவில் நாலு பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவள் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கும் அமைதியான பெண்.

அந்த நடிகையோ சாதாரண ஆளில்லை. காலண்டரில் அவள், நகைக்கடை வாசலில் ஆளுயர அட்டையில் அவள், சோப்புத் தூள் பாக்கெட்டில் அவள். அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட பெரிய மருமகள் என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை கடைத்தெருவில் ஏதோ திறப்பு விழாவுக்கு வந்தபோது பஸ் போக்குவரத்தையே மாற்றிவிட்டார்கள். வந்தாள், கையசைத்தாள், சிரித்தாள், போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு அடக்கம் பார் என்று ஊரே மெச்சியது. வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு சின்னக் குரல் வரும் என்பது சலூன்காரர் வீட்டுக்குத் தெரியும். ஆனால் நல்ல பொண்ணு, பாவம் என்பாள் மனைவி.

கடையில் கண்ணாடிக்கு மேலே டி.வி. இருக்கும். சீரியல் ஓடும் நேரத்தில் பாதி மழித்த கன்னத்தோடு ஆட்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சும்மா ஓடுதேன்னு பாக்குறோம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஒருவர், அந்தக் குரலுக்கே சொத்தை எழுதி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்குத் தலையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்துவிட்டார் சலூன்காரர். வந்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஏன் அந்த உபசாரம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கியிருக்காது.

வீட்டில் ஒத்திகைக்கு அவர்தான் துணை. பெரிய மருமகளின் கணவன், மாமியார், வக்கீல், டாக்டர், வேலைக்காரி என்று சீரியலில் யார் யார் உண்டோ அத்தனை பேராகவும் அவர் வசனத்தைப் பார்த்துப் படிப்பார்; அவள் பதில் சொல்வாள். நடிப்பு வராது அவருக்கு. ஆனால் காது உண்டு. இந்த இடத்துல அவசரப்படாதே, இந்த இடத்துல கொஞ்சம் விட்டுச் சொல்லு என்பார். அவள் கேட்டுக்கொள்வாள்.

சமீபத்தில் கதையில் பெரிய மருமகளுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. அதனால் வீட்டில் மூச்சிரைப்பு ஒத்திகை. குளியலறையில் இரைக்கும், துணி மடிக்கும்போது இரைக்கும். அந்தக் காட்சிகள் வந்ததும் ஜனங்கள் உருகிவிட்டார்கள். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஒலிப்பதிவு முடிந்த பிறகும் அவளுக்கு இரைப்பு நிற்கவில்லை. பழக்கமாயிடுச்சு, விடமாட்டேங்குது என்றாள். அவரும் சிரித்தார்.

நேற்றுக் காலையில் அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மூச்சிரைப்பு கேட்டது. வழக்கத்தைவிட நன்றாக வந்தது. டீயை வடிகட்டியபடியே, "கடைசியில கொஞ்சம் இழு" என்று குரல் கொடுத்தார். கடைசியில் கொஞ்சம் இழுத்தது. "அதேதான். பிரமாதம்" என்றார்.

இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

இதை யாரிடம் சொல்வது? தங்கையிடம் சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரியில் டாக்டரும், முன்கூட்டியே அறிகுறி ஏதாவது இருந்திருக்குமே என்று கேட்டார். அவரிடமும் தெரியல என்றுதான் சொன்னார். சொல்லாதது இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

அதனால்தானோ என்னவோ, வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து அவருக்கு ஒரே வெறியாக இருந்தது. கூடத்தில் போட்ட நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. வந்த சிலரும், அதிர்ந்து பேசமாட்டாங்க என்றும், இருக்கிற இடமே தெரியாது என்றும் இவளைப் பற்றிச் சொன்னார்கள். நாடே கேட்ட குரலைப் பற்றிச் சொன்னார்கள் இதை. இவள் யார் என்று தெரியாமல் ஒருவரும் இங்கிருந்து போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். கம்பெனி இனி என்ன செய்துவிடும்?

கீழ் வீட்டுத் தையல்கார அம்மாளிடம் முதலில் சொன்னார். பெரிய மருமகளுக்குப் பேசுறது இவதாங்க. அந்த அம்மாள் அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிங்க. ராத்திரி தூங்கியிருக்க மாட்டீங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். தண்ணீரையும் குடித்தார்.

வெயில் ஏறிய பிறகு தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அடுத்த நிமிடம் மாடிப்படி நிறைந்துவிட்டது. எங்கிருந்துதான் வந்தார்களோ, எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெரிய மருமகள் வந்திருந்தாள். முகத்தில் பூச்சு இல்லை, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. கூடவே அவளுடைய மேனேஜர். படிக்கட்டில் கைகள் நீண்டன, போன்கள் உயர்ந்தன. நுரையீரல் இப்போ எப்படிம்மா இருக்கு என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

அவள் நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். இறந்தவளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது போதவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா இல்லன்னா நான் ஒண்ணுமே இல்லண்ணா" என்று சலூன்காரரின் காதருகே சொன்னாள். அந்தச் சின்னக் குரலை இப்போதுதான் முதல் முறையாக நேரில் கேட்டார்.

"அதை அவங்ககிட்ட சொல்லும்மா. ஒரே ஒரு தடவை" என்றார் அவர், வாசலைக் காட்டி.

மேனேஜர் குறுக்கே வந்தார். ஒப்பந்தம் இருக்கிறது, சீரியல் பாதியில் நிற்கிறது, அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் சார் என்று நயமாகச் சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து வாசல்படியில் போய் நின்றாள். கூட்டம் சட்டென்று அடங்கியது. பெரிய மருமகள் வாயைத் திறந்து பேசப்போகிறாள்.

"நீங்க டி.வி.யில கேக்குறது என்னோட குரல் இல்ல. உள்ள படுத்திருக்காங்களே, அந்த அக்காவோட குரல். நான் வாயை அசைச்சேன், அவ்வளவுதான்."

எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொல்லிவிட்டாள். சலூன்காரர் மைத்துனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ பாவம், அழுது அழுது தொண்டையே போயிடுச்சு" என்றாள் தையல்கார அம்மாள்.

அவ்வளவுதான். படி முழுக்க உச்சுக் கொட்டும் சத்தம் இறங்கிப் போனது. யாரோ ஒரு சாதாரணப் பெண் செத்ததற்குத் தன் பேரையே தூக்கிக் கொடுக்கிறாளே, இந்த மனசு யாருக்கு வரும் என்றார் ஒருவர். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். பதற்றத்தில் குரல் இன்னும் மெலிந்து உடைந்தது. எங்கிருந்தோ ஒரு டம்ளர் வெந்நீர் கை மாறிக் கை மாறி மேலே வந்தது.

"பேசாதீங்கம்மா. ஏற்கெனவே நுரையீரல் சரியில்லாதவங்க" என்றார் அதைக் கொண்டுவந்து நீட்டியவர்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பிச் சலூன்காரரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேனேஜர்தான் முதல் முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆசுவாசமாக உட்கார்ந்தார்.

அவள் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. உடலை எப்படிக் கீழே இறக்குவது என்று மைத்துனி கையைப் பிசைந்தாள். ஆனால் இரண்டு மணி நெருங்க நெருங்கப் படிக்கட்டு தானாகவே காலியானது. ஒருவர் பின் ஒருவராகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், செருப்பைத் தேடினார்கள். தையல்கார அம்மாள்கூட, இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தூக்கும் ஆட்கள் இடிபடாமல், முட்டாமல், நிதானமாக அவளை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். மைத்துனி பின்னால் அவளோடு ஏறிக்கொண்டாள். அவர் முன்னால் உட்கார்ந்தார்.

தெருவில் ஆளே இல்லை. திறந்திருந்த ஜன்னல்களில் எல்லாம் சீரியலின் ஆரம்பப் பாட்டு. வண்டி டிரைவரும் போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார், பழக்கதோஷம். நிறுத்திடறேன்."

"இருக்கட்டும்" என்றார்.

இந்தக் காட்சியெல்லாம் மனைவி முன்பே பேசிப் பதிவு செய்து வைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவள் வருவாள். போனில் ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் பெரிய மருமகள், பக்கத்தில் கணவனாக நடிப்பவன்.

"வீட்டைப் பூட்டினீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"பூட்டிட்டேன்" என்றார் சலூன்காரர். போனில் அந்தக் கணவனும் அதையே சொன்னான், கொஞ்சம் தாமதமாக.

"சாவி எங்க?"

"சட்டைப் பையில."

"முன்னாடியே பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார் டிரைவர். சலூன்காரர் சட்டைப் பையில் கை வைத்திருந்தார். உள்ளே சீப்பு இருந்தது.

அப்புறம் போனில் இரைப்பு ஆரம்பித்தது. முதலில் சின்னதாக, பிறகு ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு.

"என்னமா நடிக்கிறாங்க பாருங்க" என்றார் டிரைவர்.

முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது. பின்னால் மைத்துனி எதையோ சரிசெய்யும் சத்தம் கேட்டது. போனில் இரைப்பு தேய்ந்து, கடைசியில் கொஞ்சம் இழுத்தது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றார் அவர்.

டிரைவர் கூட்டுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. பெரிய மருமகள் சோப்புத் தூள் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, ஒன்றும் பேசாமல் சிரித்தாள்.