பால்புதர்

டாமராலாந்தின் கல்வெளியில் கழுதை வண்டியை நிறுத்திவிட்டு, ஆட்டிறைச்சி சுட விறகு தேடினான் காட்லீப். இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நின்ற ஒரு புதர்தான் கிடைத்தது.

"யோவ், அது பால்புதர்! பால் பட்டா கண்ணு போயிரும். அந்த விறகுல சுட்ட கறியத் தின்னா ஆளே போயிருவான்," என்று கத்தினாள் மனைவி ஹெண்ட்ரினா.

"எனக்கே சொல்லித் தர்றியா? இது வேற புதர். காண்டாமிருகம் மேய்ஞ்சிருக்கு பாரு. விஷம்னா தின்னுமா?" என்றபடி ஒரு குச்சியை முறித்தான். வெள்ளைப் பால் முகத்தில் பீய்ச்சியடித்தது.

சமையலுக்கு வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவன் கண்ணில் ஊற்றினாள். இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. அப்போதும் விடவில்லை அவன்.

"காண்டாமிருகத்துக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"எங்கம்மா உன்னக் காண்டாமிருகம்னுதான் சொல்லுவா. பாவம், அவளுக்கும் அடையாளம் தெரியல."