விடைபெறுவோருக்கான மடல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிசோதனைக்கூடத்தின் பின்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கணினிக்கு முன்னால் சுழல் முக்காலியில் மாப்பிள்ளை. ரத்தம் எடுக்கிற நாற்காலியில், கைப்பலகை மேல் கைப்பையை வைத்துக்கொண்டு, டியூஷன் டீச்சர். காத்திருப்போர் பெஞ்சின் ஓரத்தில், சொந்த இடத்திலேயே வேற்றாள் மாதிரி ஒடுங்கி, லேப்காரர். யாரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ அவர் திரையில் மட்டும் இருந்தார். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு மடல்கள்.

சிறுநீரில் புரதம் ஒழுகி முகமும் காலும் வீங்கிப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்காக, ஆறு வருடம் முன்பு இந்த மூவர் தொடங்கிய மின்னஞ்சல் குழு அது. ஒருவர் எழுதினால் முந்நூறு வீட்டுக்குப் போகும். லேப்காரரின் மகனுக்கும் அதே நோய்தான். குழு தொடங்கிய புதிதில் அவன் மறுபடி வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தபோது, லேப்காரருக்கு எண்களைப் படிக்கத் தெரிந்தது. பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்போது, முகம் பார்த்திராத ஒரு லேத் பட்டறைக்காரர் பத்தொன்பது நாள் விடாமல் எழுதினார். “இன்னைக்கு எப்படி இருக்கான்? எடை பார்த்தீங்களா? உப்பு இல்லாம சாப்பிடறானா? நீங்க சாப்பிட்டீங்களா?”

போன வருடம் அந்தப் பட்டறைக்காரரின் மகள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு குழுவில் யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: “இந்த மருந்தையும் என் மகளுக்குக் கொடுத்தோம். நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.” குழுவில் அவருக்குக் கறுப்புக்கொடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு தாய் அந்தப் பதிலைப் படித்து, வெறுத்துப்போய், நான்கு நாள் மருந்தை நிறுத்திவிட்டாள். பிள்ளை இப்போது ஆஸ்பத்திரியில்.

“மூணு தடவை தனியா எழுதிச் சொல்லியாச்சு, அண்ணே,” என்றார் டீச்சர். “ஒவ்வொரு தடவையும் சரிங்கறார். மறுநாளே அஞ்சு மடல். எனக்கு அவர் மேல கோபமில்லை. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவர் எழுதறதை மட்டும் நாம படிச்சுப் பார்த்து உள்ளே விடலாமே, மாப்ளே?” என்றார் லேப்காரர்.

“போன மாசம் அப்படித்தானே வச்சோம், மச்சான்? நீங்க ரெண்டு நாள் படிச்சீங்க. மூணாம் நாள் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எல்லாத்தையும் அப்படியே உள்ளே தள்ளிட்டீங்க. இவ்வளவு இளகின மனுஷன் தினம் முப்பது பேருக்கு எப்படித்தான் ஊசி குத்தறீங்களோ!”

டீச்சர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

லேப்காரர் எழுந்தார். “தள்ளு. குழுவிலிருந்து அவரை நானே நீக்கறேன். உன் கையால வேண்டாம்.”

திரை ஒருமுறை உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினார். அரை நிமிடத்தில் அவருடைய கைபேசி சிணுங்கியது. குழுவிலிருந்து எது போனாலும் அவருக்கு ஒரு நகல் வரும். எடுத்துப் படித்தார்.

“அன்புடையீர், உங்கள் செல்லம் பூரண குணமாகி, நீங்கள் எங்களிடமிருந்து விடைபெறுவதில் அளவில்லாத மகிழ்ச்சி. இனி வீட்டில் உப்பு டப்பாவைத் தாராளமாகத் திறக்கலாம்!”

முதல் வருடம் லேப்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த மடல் அது. மாப்பிள்ளைதான் அதைக் குழுவில் பொருத்தி வைத்தான். குழுவை விட்டுப் போகிற எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேரும். அதுவரை போனவர்கள் எல்லாரும் பிள்ளை தேறியவர்களே, மகிழ்ச்சியோடு போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற ஏழு வீட்டார் விலகவே இல்லை, எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். யாரையும் நீக்கியதும் கிடையாது. ஆகவே அந்த மடலின் ஞாபகமே மூவருக்கும் இல்லை.

“நிறுத்து மாப்ளே, நிறுத்து!”

“போயிருச்சு, மச்சான். அவர் கைக்கே போயிருச்சு.”

டீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

அன்றே லேப்காரர் கூப்பிட்டுப் பார்த்தார், கைபேசி அணைந்திருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. செவ்வாயன்று தனியாக ஒரு மடல் அனுப்பினார். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. மனிதர் கணக்கையே மூடிவிட்டிருந்தார். பட்டறைக்காரரின் பழைய மடல் ஒன்றின் அடியில் பட்டறை விலாசம் கிடைத்தது. புதன்கிழமை, காலைக் கூட்டம் வடிந்த பிறகு, லேப்காரர் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தார்.

எட்டிப்பார்த்த மாப்பிள்ளை சொன்னான்: “மெஷின் பண்ணின தப்புன்னு எழுதிடுங்க. உண்மையும் அதுதானே?”

அப்படித்தான் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். பரிசோதனை முடிவு தவறிப்போய் யாராவது தாளோடு வந்து நின்றால், அவர் ஒருநாளும் கருவியைக் காட்டியதில்லை. கீழே இருப்பது என் கையெழுத்து, மறுபடி பார்த்துத் தருகிறேன் என்பார். தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்.

“ஐயா, உங்களுக்கு வந்த அந்த மடலை எழுதியவன் நான். இங்கிருந்து போகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாகத்தான் போவார்கள் என்று நினைத்து எழுதினேன். உங்கள் மகள் போன அன்றே அதை எடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை. உங்களை நீக்கியதும் நான்தான். அதை மாற்றப் போவதில்லை. அந்தக் குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மகளைப் பற்றி எழுதத் தோன்றினால் இந்த விலாசத்துக்கு எனக்கு எழுதுங்கள். படிப்பேன்.”

‘படிப்பேன்’ என்ற சொல்லைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், இடுக்கில், ‘முடிந்த மட்டும்’ என்று சிறியதாகச் சேர்த்தார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை.

மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தினார். பசை காய்வதற்குள் கூடத்தைப் பூட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். தபால்பெட்டி ஏறக்குறையக் காலி போலிருக்கிறது. உறை அடித்தகட்டில் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது.