பூவாத்தாள் நகம் வைத்த சுரைக்காய்

வெண்ணந்தூர்ச் சந்தையில் பூவாத்தாள் வாங்கிய காயைவிட, புண்ணாக்கிவிட்டுப் போன காய்தான் அதிகம். வெண்டைக்காயைக் கண்டால் நுனியை ஒடிப்பாள். முருங்கைக்காயை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குவாள். கத்திரிக்காயின் காம்பைத் தூக்கி, உள்ளே யாரோ ஒளிந்திருக்கிற மாதிரி எட்டிப் பார்ப்பாள். தேங்காயைக் காதோரம் ஆட்டுவாள். அது ஏதோ பொய் சொல்லிவிட்டதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வைப்பாள்.

இதெல்லாம் மற்றப் பெண்களும் செய்கிறதுதான். பூவாத்தாளின் பெயர் பரவியது சுரைக்காயால். வலது கட்டைவிரல் நகத்தை அவள் வெட்டுவதே இல்லை. சுரைக்காயின் கழுத்துக்குக் கீழே அதை வைத்து ஓர் அழுத்து. இறங்கினால் பிஞ்சு, வழுக்கினால் முற்றல். இருபது வருஷமாக ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றி, நூல் உரசி உரசி, அந்த நகத்தின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. அதனால் அவள் நகம் இறங்கிய காயில் இரண்டு பிறை ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு தடம் நிற்கும்.

காய்க்காரி உண்ணாமலைக்கு ஆரம்பத்தில் அந்தத் தடத்தைக் கண்டாலே வயிறு எரியும்.

"ஏனுங்கம்மிணி, ஒரு காய் வாங்கறதுக்கு ஒம்பது காயைக் கீறுனா மிச்சத்தை எவ வாங்குவா? இது காயுங்களா, உங்க நகத்தைத் தீட்டற கல்லுங்களா?"

"நகம் எறங்காததை எவ தலையில கட்டலாம்னு பாக்கறயா உண்ணாமலை? நான் இருக்கற வரைக்கும் நடக்காது."

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் சந்தைக்குப் பிந்தி வந்தாள். வேறு வழியில்லாமல் பூவாத்தாள் நகம் வைத்துவிட்டுப் போன காய் ஒன்றை வாங்கிப் போய் ஆக்கினாள். காய் கரண்டி பட்டதும் கரைந்தது. கந்தம்மாள் வாயில் ஒரு சேதி விழுந்தால் போதாதா? மறுவாரமே தறிக்காரத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இரண்டு பிறை இருக்கிற காயாகத் தேட ஆரம்பித்தார்கள். தடம் இல்லாத காய் எவ்வளவு இளசாக இருந்தாலும் சீண்டுவாரில்லை.

உண்ணாமலையும் மாறிவிட்டாள். பூவாத்தாளைத் தூரத்தில் கண்டதும் சாக்கைத் தட்டிப் போட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்து, "மொதல்ல நம்ம காயில நகத்தை வெச்சுட்டுப் போங்கம்மிணி" என்பாள். பத்திர ஆபீஸ் ரிஜிஸ்திரார் முத்திரை குத்துகிற தோரணையில் பூவாத்தாள் அழுத்துவாள். கும்பிடு போட்டவர்களுக்குப் பதில் கும்பிடுகூட இடது கையால்தான். வலது கைக்கு வேலை இருக்கிறதே.

இந்தப் பெயர்தான் ஜலகண்டாபுரம் வரைக்கும் போய் ஒரு சம்பந்தத்தையும் கொண்டுவந்தது. பூவாத்தாளின் மகள் வசந்தாமணிக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று பூவாத்தாள் தூங்காமல் கிடந்த நேரம். மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம் அது. ஜலகண்டாபுரத்தில் எட்டுத் தறி போட்டிருந்த குடும்பத்துக் குஞ்சம்மாள், தன் மகன் வேலுமணிக்குப் பெண் கேட்டு வந்தாள். பெண்ணை அரைக் கண்ணால் பார்த்தாள். தாயின் கட்டைவிரலை முழுக் கண்ணால் பார்த்தாள்.

"காயைப் பாத்து எடுக்கத் தெரிஞ்சவங்க புள்ளையப் பாத்து வளத்தாம இருப்பீங்களா? எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றாள்.

இனிக் கை நனைப்பதுதான் பாக்கி. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி. அதுவரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குஞ்சம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "விருந்தெல்லாம் வேண்டாங்க. உங்க கையால பொறுக்குன சுரைக்காயில ஒரு கூட்டு இருந்தாப் போதும்."

கை நனைக்கிற நாளுக்கு முந்தின நாள் சந்தை. பூவாத்தாள் சந்தைக்குள் நுழைந்தபோது அவளைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி சம்பந்தி வீட்டுத் தறியைக் கேட்கிறாள், இன்னொருத்தி மாப்பிள்ளையின் நிறத்தைக் கேட்கிறாள். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே, எல்லோர் காயிலும் நகம் வைத்துக்கொண்டே, கடைசியில் தனக்கென்று திரும்பினாள். குவியலின் ஓரத்தில் ஒரு காய். நல்ல நீளம், நல்ல நிறம், கழுத்துக்குக் கீழே இரண்டு பிறை. தூக்கிக் கூடையில் வைத்தாள்.

உண்ணாமலை எட்டிக் கூடையைப் பிடித்தாள். "அம்மிணி, அது வேண்டாங்க. இதைப் பாருங்க, காலையில பறிச்சது."

"ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இது இன்னும் எளசுங்க."

"எனக்கே காய் பொறுக்கிக் குடுக்கறயா?" பூவாத்தாள் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "நல்ல காயை ஒளிச்சு வெச்சு வேற எவளுக்கோ குடுக்கப் பாக்கறா. விடுவனா?"

இன்னொரு தரம் நகம் வைத்துப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் பன்னிரண்டு பேருக்கு முன்னால் தன் நகத்தைத் தானே சந்தேகப்படுவதா? அரையணாவை வைத்துவிட்டு நடந்தாள். உண்ணாமலை அந்தக் காசைத் தொடவே யோசித்தாள்.

மறுநாள் காலை அரிவாள்மணையில் காயை வைத்து அழுத்தினாள் பூவாத்தாள். மணை நகர்ந்தது, காய் நகரவில்லை. வசந்தாமணி வந்து மணையை மிதித்துக்கொள்ள, இரண்டு கையாலும் அழுத்தியபோது, விறகு பிளக்கிற சத்தத்தோடு காய் இரண்டானது. உள்ளே பஞ்சும் விதையும். விதை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பருமன்.

பூவாத்தாள் தன் நகத்தை அந்தத் தடத்தில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. தடம் ஆழமாக, ஓரம் நேராக இருந்தது. எந்த நகமும் இந்தத் தோலில் இறங்காது, தகரம்தான் இறங்கும். உண்ணாமலையின் சாக்கோரம் மண்ணெண்ணெய் டின்னில் வெட்டின தகரத் துண்டு ஒன்று கிடக்குமே, நடுவில் சின்ன வெட்டோடு! இஞ்சி சீவுவதற்கென்று அவள் சொன்னதை நம்பியது யார்?

"அம்மா, வேற காய் வாங்கியாரட்டுமா?" என்றாள் வசந்தாமணி.

"இன்னைக்கு ஏது சந்தை?"

அதற்குள் மாப்பிள்ளை வீட்டாரின் மாட்டு வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. பூவாத்தாள் காயை அடுப்பில் ஏற்றினாள். ஒரு சுமை விறகு போனதுதான் மிச்சம். விதைகள் கழுவிவிட்ட மாதிரி புதுசாக மிதந்தன.

இலை போட்டாயிற்று. குஞ்சம்மாள் முதல் கவளத்திலேயே கூட்டை எடுத்து வாயில் போட்டாள். ‘கடக்’கென்று ஒரு சத்தம். பந்தி முழுக்க அவள் வாயைப் பார்த்தது. அவள் தாடை ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

"சம்பந்தியம்மா, காய் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

நகத்தடம் போலி என்று சொல்லலாம். அப்படியானால் பார்க்காமல் வாங்கினாள் என்று ஆகும். தடம் தன்னுடையது என்று சொல்லலாம். அப்படியானால் அவளுக்குக் காயே தெரியாது என்று ஆகும். எப்படிச் சொன்னாலும் குஞ்சம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். மூன்றாவது இடமும் போச்சு. பூவாத்தாள் கரண்டியைப் பிடித்தபடி ஒரு மூச்சு விட்டாள். அடுத்து வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதுசு.

"முத்தலுங்களா? தேடித் தேடி எடுத்தனுங்க. கை நனைக்கற சோத்துக்கு எங்க பக்கம் பிஞ்சு போட மாட்டோமுங்க. பிஞ்சுல ஏதுங்க வெதை? வெதை முத்துனாத்தான வம்சம் தழைக்கும்."

பூவாத்தாளின் புருஷன் தண்டாயுதபாணி சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். "இது எப்பருந்து நம்ம..."

அவர் இலையில் கொதிக்கிற ரசம் விழுந்தது.

குஞ்சம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே! வேலுமணி, துப்பிப்போடாதடா. சம்பந்தியம்மா, அவனுக்கு இன்னும் நாலு வெதை சேத்திப் போடுங்க."

மாப்பிள்ளை கண்ணில் நீர் வர மென்றான். பக்திதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சம்பந்தம் உறுதியாயிற்று.

கந்தம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லவும் வேண்டுமா? அடுத்த மாதம் தெருவில் நடந்த இரண்டு கை நனைப்பிலும் முற்றல் சுரைக்காய்தான். "அந்தக் காலத்துலயிருந்தே இருக்கற வழக்கந்தானுங்க" என்று கிழவிகளே சாட்சி சொன்னார்கள். மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த காயை உண்ணாமலை தனிக் குவியலாக வைத்து ஒன்று ஒன்றரையணா என்றாள். பூவாத்தாளும் அவளும் சந்தையில் பார்த்தால் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருவருக்கும் பேச என்ன இருக்கிறது?

பதில் விருந்துக்குப் பெண் வீட்டாரை ஜலகண்டாபுரத்துக்கு அழைத்தார்கள். குஞ்சம்மாள் மூன்று சந்தை அலைந்தாளாம். கடைசியில், தண்ணீர்க் குடுக்கை செய்வதற்கென்று ஒரு தோட்டத்தில் கொடியிலேயே காயவிட்டிருந்ததைக் கெஞ்சி வாங்கி, ரம்பம் வைத்து அறுத்தாளாம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

பூவாத்தாள் ஒரு துண்டை வாயில் போட்டாள். கடைவாய்க்குத் தள்ளினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஜலகண்டாபுரத்துப் பெண்கள் இருபது பேர், தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"சம்பந்தியம்மா, உங்களுக்குத் தெரியாதது இல்லீங்க. காய் போதுமான முத்தல்தானுங்களா?"

பூவாத்தாள் விழுங்கினாள். அது இறங்குகிற வழி முழுக்க அவளுக்குத் தெரிந்தது.

"நல்ல முத்தலுங்க" என்றாள்.

இரண்டாவது கரண்டி இலையில் கலகலவென்று விழுந்தது.