ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னவள்

மதிவதனி காபித் தட்டை நீட்டி, "எடுத்துக்குங்க மாமா" என்று சொன்னதும் ராஜேந்திரனின் கை பாதியில் நின்றது.

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணச் சொன்ன பொண்ணு நீதானே?"

கூடமே திரும்பிப் பார்த்தது. மாறன் கல்லூரியில் தொடங்கிய காதலுக்காக நான்கு வருடம் காத்திருந்து, இன்றுதான் அப்பா ராஜேந்திரனையும் அம்மாவையும் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து பெண் பார்க்க அழைத்து வந்திருந்தான்.

மதிவதனிக்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு தேர்தல் கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஓர் அழைப்பில் இதே குரல், "என் நம்பர் உனக்கு யார் குடுத்தா?" என்று அதட்டியது.

"யாரும் குடுக்கலைங்க. கம்ப்யூட்டரே நம்பரைக் கோத்துக் கூப்பிடுது. உங்க பேர் தெரியாது, கேக்கவும் மாட்டேன்."

"சரி, கேளு. நானே சொல்றேன்."

அது முடியாது. போனை எடுப்பவரிடமே கேட்டுக்கொண்டிருந்தால், மாவட்டத்தில் ஆண்கள் மட்டுமே வாழ்வதாக முடிவு வரும். அதனால் வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் பேச வேண்டும் என்பது விதி.

"வீட்ல இருக்கற ரெண்டு பேருக்குமே ஜூன் ஒண்ணும்மா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டது."

"நெஜமாப் பொறந்தது எப்போங்க?"

"நான் சித்திரை" என்றார் அவர். உள்ளிருந்து ஒரு பெண் குரல் முந்திக்கொண்டு வந்தது: "நான் தீபத்தன்னிக்குப் பொறந்தவ!"

கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போன் அவர் மனைவி தனத்திடம் போனது, ஸ்பீக்கரோடு. மதிவதனி அதை அணைக்கச் சொன்னாள். அணைத்த பிறகுதான் விளக்கினாள்: "பதில் வேணாம்மா, நம்பர் மட்டும் சொல்லுங்க. இந்தக் கேள்விக்கு ஒண்ணுன்னா ரொம்பப் பிடிக்கும், அஞ்சுன்னா சுத்தமாப் பிடிக்காது."

இப்போது ராஜேந்திரன் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். "நாலு, ஒண்ணு, ஒண்ணு, அஞ்சு. பக்கத்துல நின்னு எழுதி வச்சேன். முப்பது வருஷமா நான் சொல்ற கட்சிக்குத்தான் போடறா. இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றா. நீ சொல்லு."

"சொல்ல முடியாதுங்க மாமா."

"வீட்டுக்கு வரப்போற பொண்ணு மாமனார்கிட்டயே மறைப்பியா? சொல்லு, இப்பவே தட்டு மாத்திடலாம்."

"சொல்லிடும்மா, நம்ம ஆளுங்கதானே" என்றார் அவள் அப்பா சக்கரபாணி, கெஞ்சாத குறையாக. மாறன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான். அந்த அசைவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன் மாமா. நீங்க பேசியிருந்து, அத்தை வந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இதுக்காக வேணாம்னு கெளம்பறதுன்னா, காபியக் குடிச்சிட்டுப் போங்க. ஆறுது."

ராஜேந்திரனின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை. தனம் எழுந்து, தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்த மல்லிகையை எடுத்து மதிவதனியின் தலையில் வைத்தாள்.

"அம்மா, பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றான் மாறன், மெதுவாக.

தனம் மதிவதனியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். ராஜேந்திரன் அவசரமாகத் தாளை விரித்தார். "அப்போ ஒண்ணுன்னா பிடிக்கும்னு அர்த்தம்! ரெண்டாவது கேள்விக்கும் ஒண்ணு, மூணாவதுக்கும்..."

"ஒவ்வொரு கேள்விக்கும் நம்பரோட அர்த்தத்தை மாத்தி மாத்திக் கேப்போம் மாமா" என்றாள் மதிவதனி. "சர்க்கரை கம்மியா இருக்கா, கொஞ்சம் போடட்டுமா?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார்.

"போடு. ஜாஸ்தியாவே போடு. வீட்ல இனிமே ரெண்டு பேரும் நம்பர்லயே பேசிக்குவீங்க போல."