ஐம்பத்திரண்டு படி வீட்டின் விலை

எங்கள் வீட்டுக்கு நூற்று நாற்பது வயது. என் கணவருடைய முழங்காலுக்கு அறுபத்தொன்று. இரண்டில் எது முதலில் உட்காரும் என்பதுதான் போன வருடம் முழுக்க என் கவலை. முழங்கால் முந்திக்கொண்டது. நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி, கீழ் மாடிகள் வேறு ஆட்களுடையவை; இறங்க ஐம்பத்திரண்டு படி. ஆறு மாதமாக அவர் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். கதவோரம் கிடக்கும் அவருடைய செருப்பை வாராவாரம் தூசி தட்டி வைப்பேன். "அதையாவது வெளிய கூட்டிட்டுப் போயேன்" என்பார்.

அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தேன். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதை வாங்க இந்த வீட்டை விற்றாக வேண்டும். இதுவோ எனக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொதுச் சொத்து. மூன்று கையெழுத்தும் விழாமல் ஒரு ஆணியைக்கூட விற்க முடியாது.

தொண்ணூறு லட்சத்துக்குக் குறைய முடியாது என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கென்ன, லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறார். விரிசலைக் காட்டினால் "பழமை" என்றார். ஒழுகும் கூரையைக் காட்டினால் "வரலாறு" என்றார். வாசலில் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று ஒரு பித்தளைப் பலகை உண்டு. ஒரு ஜன்னலை மாற்றக்கூட அரசாங்கத்துக்கு மனுப் போட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அண்ணன் அதை மெடல் மாதிரி பார்த்தார்.

தரகர் நல்ல மனுஷர். "சார், மார்க்கெட் படுத்துக் கெடக்கு. புது வீட்டையே சீண்ட ஆள் இல்ல. எழுபத்தஞ்சு போடுங்க, யாராவது ஏறி வருவாங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. தொண்ணூறு என்றே விளம்பரம் போயிற்று. நாலு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். தொண்ணூறு என்றதும் "பரவால்லயே, மலிவுதான்" என்றார். போகும்போது, "உங்க அண்ணன் சொன்ன மாதிரியே காத்து நல்லா வருது" என்று உளறிவிட்டுத் திருதிருவென்று முழித்தார். அண்ணனோடு காலையில் வாக்கிங் போகிறவர், அவர் அனுப்பிய ஆள் என்று புரிந்துவிட்டது. அடுத்து வந்த பெண்மணி அக்காவின் தையல் வகுப்புத் தோழி. அக்காவின் போட்டோக்களில் பார்த்த முகம். விலைபோகாமல் கிடக்கும் வீட்டுக்குக் கிராக்கி இருப்பதாகக் காட்ட இரண்டு பேரும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வாய்கிழியப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. மூன்றாவது ஆள் நான் அனுப்பியவர், எங்கள் ஆபீஸ் கேஷியர். எண்பதுக்குக் கேட்டால் அண்ணன் மனசு இறங்குமே என்று அனுப்பினேன். அந்த மகராசன் படிக்கட்டில் தையல்காரம்மாவைப் பார்த்துவிட்டு ரோஷம் வந்து, "தொண்ணூத்தஞ்சு" என்று தரகரிடம் கேட்டுவிட்டார். ஏன் சார் என்றால், "அந்தம்மா என்னை ஒரு மாதிரி ஏளனமா பாத்துச்சு மேடம்" என்றார். தரகர் ஆகாயத்தில் பறந்தார். மறுநாளே விலை ஒரு கோடி ஆனது.

வியாழக்கிழமை நாலாவதாக ஒரு அம்மா வந்தார். கையில் டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒரு நோட்டு. சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டார். உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரம்! யார் அனுப்பிய ஆளோ, நடிப்பு ரொம்ப ஓவர் என்று எனக்கு எரிச்சல். கடைசியில் நோட்டைப் பார்த்து, "எழுபத்திரண்டு தரலாம். நானே ரிப்பேர் பண்ணிக்கிறேன்" என்றார்.

"அந்த வெலைக்கு மாடிப்படி மட்டும்தான் வரும். ஒவ்வொண்ணா எண்ணி எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கு என் சாமர்த்தியத்தில் பெருமை தாங்கவில்லை.

விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை அட்வான்ஸோடு வாருங்கள் என்று எல்லோருக்கும் தரகர் சொல்லியிருந்தார். அண்ணனும் அக்காவும் இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பத்தானது, பதினொன்றானது. தரகர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் நானே போட்டு உடைத்தேன். "அண்ணா, அந்தக் கறுப்புக் கண்ணாடி வராது."

அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது. அக்கா முந்தானையைத் திருகினாள். கேஷியர் கதையை நானும் சொன்னேன். தரகர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு குடும்பத்தப் பாத்ததில்ல" என்றார்.

"சரி, அந்த டார்ச் அம்மா யாரு அனுப்பினது?" என்றேன்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "நீதான்னு நெனச்சோமே குட்டி" என்றார் அண்ணன்.

மாதம் முடிய மூன்று நாள். படியை எண்ணி எடுத்துப் போகச் சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கால் அடியில் மூன்று தலையணை. "எழுபத்திரண்டே சரி. போன் போடு" என்றார்.

போட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எழுபத்திரண்டு இப்பவும் எனக்குச் சம்மதம்தான்" என்றார் அந்த அம்மா. "ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க நெஜமாவே விக்கிறவங்களா, இல்ல யாராச்சும் சும்மா உக்கார வச்சிருக்காங்களா? அன்னிக்கு நீங்க பேசினதப் பாத்து எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு."

சாட்சிக்கு ஆள் தேடித் திரும்பினேன். என் கணவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.