குழாயை யார் மூடுவது

அம்மா செத்த பிறகு அப்பா வீட்டுக் குழாயைத் திறந்துவிட ஆரம்பித்தார். இத்தனைக்கும் அவர் பிளம்பர். அடுத்தவர் வீட்டுக் கசிவையெல்லாம் அடைத்துப் பிழைத்தவர்.

அம்மா இருந்தவரை ஒரு சொட்டு வீணாகாது. அரிசி கழுவிய நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிவறைக்கு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் வசவு. அவளைச் சீண்டவே அப்பா குழாயைத் திறந்து வைப்பார். "உங்க அப்பா கட்டின அணையா இது?" என்று ஓடிவந்து மூடுவாள். இதையெல்லாம் 'பசுமைப் பழக்கங்கள்' என்று சுவரொட்டி போடும் அலுவலகத்தில்தான் இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு அது பசுமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாடிக்குக் குடம் சுமந்த இடுப்பு வலி.

இப்போது அப்பா வேலைக்குப் போவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கூடத்தில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நான் பூனை மாதிரி போய் மூடுவேன். சத்தம் நின்றதும் அவர் சிரிப்பார்.

நேற்று மாலை, கீழே குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் ஏறி வந்தார். "இன்னொரு தடவை தொட்டி காலியாச்சுன்னா, நீங்க வீட்டைக் காலி பண்ணிடணும். படிச்ச பொண்ணு, ரெண்டு தடவை சொல்ல வைக்காதே."

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா வரலைப்பா. மூடுறது நான்."

"தெரியும்மா. நீ மூடினா சொட்டும். பேனா பிடிச்ச கை, இறுக்கமே கிடையாது. சில நாள் சொட்டுறதில்ல."

"வாஷர் தேஞ்சிருக்கும்."

"வாஷரைப் பத்தி எனக்கே சொல்றியா?" சிரித்தார். "நேத்து நீ ஆபீஸ்ல இருந்தே. அப்பவும் நின்னுச்சு."

"தொட்டி காலியாகியிருக்கும். அதுக்குத்தானே அந்த ஆள் வந்து கத்தினார்."

"தொட்டி காலியானா குழாய் காத்து வாங்கி இருமும். நேத்து இருமல."

எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வந்தார். மூட எழுந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை பொறு."

குழாயடியில் இருந்த பாத்திரம் நிறைந்து, வழிந்து, தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. கீழே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது. ஓடிப்போய் மூடியிருக்கலாம். அப்பா எப்போதோ கையை விட்டுவிட்டார். நான்தான் எழவில்லை. வந்து திட்டித் தொலையேம்மா என்று சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.