ஒருவர் மாற்ற, ஒருவர் சம்மதிக்க

வார்டு மேசையிலிருந்த கணினியில், ‘இந்தப் பெட்டியை நீக்கலாமா?’ என்று கேள்வி வந்து நின்றது. கேட்டிருந்தவள் மேஸ்திரி. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவைக் கட்டி மேய்க்கிறவள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர், வார்டு மேசையில் நர்ஸாக உட்கார்ந்திருந்த இவளுடைய கணவர். வார்டுகள் துணி கேட்கவும் சலவைப் பிரிவு அனுப்பவும் அந்தத் திரையை உண்டாக்கியவரும் அவர்தான். புழங்குகிறவர்களே அதை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் மாற்றியதற்கு இன்னொருவர் சம்மதித்தால் போதும் என்று விதி வைத்துவிட்டு, போன கோடையில் போய்ச் சேர்ந்தார். ஆளாளுக்கு மாற்றியதுபோக, அவர் கைப்பட வைத்ததில் மிஞ்சியிருந்தது ‘அவசரம்’ என்ற அந்தச் சிவப்புப் பெட்டி ஒன்றுதான்.

இவள் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே மேஸ்திரி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதையாவது விட்டு வைக்கக் கூடாதா?” என்றாள் இவள்.

“எல்லா வார்டும் எல்லாத்துக்கும் அதையே அமுக்குறாங்கக்கா. எது நெஜமான அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்? சாரே சொல்லுவாரு, ‘என்னைக் கேக்காத மேஸ்திரி, கழுத்தறுக்குதுன்னா தூக்கிக் கடாசு’ன்னு.”

“வீட்டுல ஒரு டம்ளர் எடம் மாறினா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு.”

மேஸ்திரி சிரித்துவிட்டாள். “நம்ம சாரா? நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இந்தத் துணி மூட்டை மேல உக்காந்துகிட்டு, ‘அப்புறம்? அப்புறம்?’னு கேட்டுக்கிட்டே இருப்பாரு.”

இவளுக்கு வயிறு எரிந்தது. அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை; இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இவளிடம் ஒருநாளும் ‘அப்புறம்?’ என்று கேட்டதில்லை. கொடுக்காமல் போனதை இனி யாரிடம் போய் வாங்குவது?

மேசைக்குத் திரும்பினாள். சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அந்தத் திரையில் இதுவரை எதையும் தொட்டு மாற்றியறியாதவள், சிவப்புப் பெட்டிக்குக் கீழே ஒரு காலி வரியைத் திறந்து, ‘என்ன அவசரம்?’ என்று தட்டினாள். அது கோணலாக நின்றது. நேராக்கப் போகையில் இன்னொரு அம்புக்குறி திரையில் ஊர்ந்து வந்தது. அதன் வாலில் ‘மேஸ்திரி’ என்று எழுதியிருந்தது; கீழே தன் கணினியில் அவளும் அதே திரையைத் திறந்திருந்தாள். இவளுடையதன் வாலில் இன்னும் பெயரில்லை. வந்தது, வரியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. இவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. நடுவில் அந்த வரி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.